உழைக்கிற உடம்புக்குப் பிரஷரா?

1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கரைபுரண்டு ஓடிப் பழகிய களனி கங்கையும் அதில் வந்து சேரும் ஆறுகளும் வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு வேண்டியது அதுதான். மழைநாடான கேகாலை மாவட்டத்தில் மலேரியா அதுவரை பெரிதாகத் தலைகாட்டாததால், சனங்களின் உடம்பில் அதற்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை. அந்த வருடக் கடைசியில் தொடங்கிய காய்ச்சல், சில மாதங்களுக்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கேகாலையும் ஒன்று. நிவாரணத்துக்காக இந்தப் பக்கங்களில் அலைந்து திரிந்த என். எம். பெரேரா 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். காய்ச்சலுக்குப் பின்னால் பசியும் நின்றிருந்ததை அந்த நிவாரணக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அந்தப் பசியிடம் பிறகு திரும்பி வருவோம்.

மலேரியா கொடிய நோய். ஆனால் அது ஒளிந்து கொள்ளாது. குளிர் நடுக்கி, பல்லைக் கிட்டி, ஆளைப் பாயில் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்று அவிசாவளையிலிருந்து அட்டன் போகும் வீதியில் தெஹியோவிட்ட, கரவனெல்லை, எட்டியாந்தோட்டை என்று எந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் நாளில் போனாலும், கையில் கொப்பியோடு வரிசையில் நிற்பவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று மூன்றில் ஒன்றோ மூன்றுமோ இருக்கும். இலங்கையில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருக்கிறது. நாட்டில் நிகழும் ஐந்து மரணங்களில் நான்குக்கு இந்த மாதிரித் தொற்றா நோய்கள்தான் காரணம்.

இந்தப் பக்கத்துத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் சுகத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. காலையில் எழுந்து, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போக முடிந்தால் சுகம், முடியாவிட்டால் வருத்தம். நாட்கூலிக்காரருக்கு வேறு அளவுகோல் எப்படி வரும்? 1912 இன் மருத்துவத் தேவைகள் சட்டத்தின் கீழ் தோட்டங்களில் வளர்ந்த வைத்திய ஏற்பாடும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் நடந்தது. விழுந்த ஆளை எழுப்பி மலைக்கு அனுப்புவதுதான் டிஸ்பென்சரியின் வேலை. மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றோட்டம் எல்லாமே ஆளை விழுத்தும் நோய்கள் என்பதால் அந்த அளவுகோல் அவற்றுக்குப் பொருந்தியது. பிரஷருக்கு அது பொருந்தாது. 170க்கு 100 இருக்கிற ஒருவர் றப்பர் மலை ஏறி மரம் வெட்டிப் பால் சேர்த்து, மத்தியானம் இறங்கி வந்து குளித்து, நன்றாகத் தூங்கலாம். பத்து வருடம் அப்படியே ஓடலாம். பதினோராவது வருடம் ஒரு விடியற்காலையில் வாய் கோணி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு" என்று லயமே சொல்லும். நேற்றுவரை நன்றாக இருந்தது அவருடைய கையும் காலும்தான். மூளைக்குப் போகும் சின்னஞ்சிறு நாடிகள் எத்தனையோ வருடமாகத் தடித்துச் சுருங்கிக்கொண்டே வந்திருந்தன.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. உழைக்கிறவனுக்குச் சீனி வராது, பிரஷர் வராது, அதெல்லாம் டவுனில் உட்கார்ந்து தின்கிறவர்களின் வியாதி. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2005-06 இல் நாடு தழுவிச் செய்த நீரிழிவு ஆய்வில் நகரத்தவரில் 16.4 சதவீதத்தினருக்கும் கிராமத்தவரில் 8.7 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. உடல் உழைப்பு காக்கத்தான் செய்கிறது. இருந்தும் மெலிந்த உடம்போடு, இடுப்பில் ஒரு பிடி சதைகூட இல்லாத பெண்கள் கிளினிக் வரிசையில் ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு அந்த நம்பிக்கையிடம் பதில் இல்லை. பதில் தேடி வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது. முதலில் இங்கிலாந்துக்கு.

ஹெர்ட்போர்ட்சியர் என்ற மாவட்டத்தில் 1911 முதல் மருத்துவிச்சிகள் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையையும் பேரேட்டில் எழுதி வந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் பிற்காலத்தில் எந்த நோயால் செத்தார்கள் என்று ஒப்பிட்டார். 1989 இல் வெளிவந்த முடிவு வைத்திய உலகத்தைத் திகைக்க வைத்தது. நிறை குறைந்து பிறந்தவர்களும் முதல் வயதில் நிறை குறைவாக இருந்தவர்களுமே பிற்காலத்தில் மாரடைப்பால் அதிகம் செத்திருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நீரிழிவுக்கும் இதே தொடர்பை அவரும் நிக்கலஸ் ஹேல்ஸும் காட்டினார்கள். கருவறையில் போஷாக்குக் குறைந்தால் சிசு இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்தப் பார்க்கிறது. மூளைக்கு முதல் பங்கு. தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மிச்சம்.

சிறுநீரகத்தின் கதை இதில் மிகத் தெளிவானது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் குருதியை வடிக்கும் நெஃப்ரோன் என்ற நுண் வடிகள் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். ஆளுக்கு ஆள் இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை வேறுபடும். தாயின் வயிற்றில் 36 வாரத்தோடு இவற்றின் உற்பத்தி முடிந்துவிடும். பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு இந்த முதலே குறைவு. பத்துப் பேர் வெட்ட வேண்டிய றப்பர் மரங்களை ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் என்னவாகும்? வேலை நடக்கும், ஆனால் ஆறு பேரும் சீக்கிரமே களைத்து விழுவார்கள். சிறுநீரகத்திலும் அப்படித்தான். இருக்கிற நெஃப்ரோன்கள் கூடுதல் அமுக்கத்தில் வடிக்கின்றன, அதனால் மெல்ல மெல்லத் தழும்பேறுகின்றன, உப்பை வெளியேற்ற முடியாமல் உடம்பின் அமுக்கமே உயர்கிறது. பிரென்னர் என்ற அமெரிக்கச் சிறுநீரக நிபுணர் 1988 இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அது வெறும் ஊகம். 2003 இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள், விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து நெஃப்ரோன்களை எண்ணினார்கள். உயர் அமுக்கம் இருந்தவர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 7 லட்சம், இல்லாதவர்களுக்கு 14 லட்சம். பத்துப் பத்துப் பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் லேசில் மறக்கக்கூடியது அல்ல.

தசைக்கு வருவோம். சாப்பிட்ட பிறகு குருதியில் ஏறும் சீனியில் பெரும் பங்கைத் தசைதான் வாங்கி வைத்துக்கொள்கிறது. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிறந்தவற்றோடு சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தையின் சராசரி நிறை 2.7 கிலோ, ஆங்கிலேயக் குழந்தைக்கு 3.5. குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும்தான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்முடைய ஆட்களின் உடம்பும் இந்த வார்ப்பில் வந்ததுதான்.

இப்போது அந்தப் பழைய பசியோடு தோட்டத்துக்குத் திரும்பினால் கணக்கு ஓரளவு புரியும். 2016 இன் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டப் பகுதிகளில் 31.7. இன்று அறுபது வயதில் இருக்கிறவர்கள் பிறந்த காலத்தில் இது இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும். இரத்தச்சோகையோடு நிறைமாதம் வரை கொழுந்தெடுத்த தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த உடம்பை நாற்பது வருட மலையேற்றம் ஓரளவு காத்தது, உழைப்பு தசையை முறுக்கி வைத்திருந்தது. பிறகு அறுபதில் பேர் வெட்டி ஓய்வுக்கு அனுப்புகிறார்கள். மலை நின்றுவிடுகிறது. வயதோடு தசையும் கரைகிறது. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மட்டும் முன்போலவே தொடர்கின்றன. ஓய்வு பெற்ற ஓரிரு வருடத்தில் சீனி தெரிய வந்தால், "வேலையை விட்டதால வந்துச்சு" என்கிறார்கள். பாதி உண்மை. மற்றப் பாதி அவர்கள் பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டது.

இதைச் சொல்வது விதி என்று கைவிரிக்க அல்ல. இப்படிப்பட்ட உடம்புக்கு அளந்து பார்ப்பதை 35 வயதிலேயே தொடங்க வேண்டும் என்பதற்காக. அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. 35 கடந்த எவரும் வருத்தம் எதுவும் இல்லாமலே போய் அமுக்கம், சீனி, நிறை எல்லாவற்றையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 140க்கு 90 என்ற அளவைத் தாண்டி வெவ்வேறு நாட்களில் நின்றால் அது பிரஷர். வெறும் வயிற்றில் சீனி 126க்குக் குறையாமல் இருமுறை வந்தால் அது நீரிழிவு. தலைசுற்றல், பிடரிவலி என்று காத்திருக்க வேண்டாம். பிரஷர் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி எதுவும் வருவதே இல்லை.

பிரஷரின் மேல் எண்ணை 10 குறைத்தால் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆறு லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த 2016 ஆய்வு சொல்கிறது. அந்தப் பத்தை எங்கிருந்து எடுப்பது? முதலில் உப்பு. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, 5 கிராம், அதற்குமேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரொட்டிக்கு ஒரு கை, சம்பலுக்கு ஒரு கை, கருவாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பது என்று கூட்டினால் காலைச் சாப்பாட்டோடேயே அது முடிந்துவிடும். கருவாட்டை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, மலையில் புரதத்துக்கு மலிவான வழியும் அதுதான். நன்றாக ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல் இருக்கலாம். சம்பலில் உப்பைக் குறைத்துத் தேசிக்காயைக் கூட்டலாம். கசிப்பும் சாராயமும் அமுக்கத்தை ஏற்றும் என்பதை ஆண்களுக்கு யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

மிச்சத்துக்குக் குளிசை. இதில் இலங்கையே உலகத்துக்கு ஒரு பாடம் தந்தது. 2018 இல் வெளிவந்த ஆய்வில், இங்குள்ள கிளினிக்குகளில் 700 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான வைத்தியம். ஆறு மாதத்தில் முதல் பகுதியில் 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள், மற்றதில் 55. ஒரு மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுப்பதைவிடப் பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது என்பது ஒன்று. ஒரே குளிசை என்றால் மறதியும் குறைவு என்பது இன்னொன்று. பிரஷர் குறைந்துவிட்டது என்று குளிசையை நிறுத்துகிறவர்கள்தான் வாட்டில் வந்து படுக்கிறார்கள். குறைந்தது குளிசையால்தான்.

சீனிக்கு மலைநாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: அட்டை. நீரிழிவு பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் உணர்விழக்கும். சபரகமுவையின் ஈரத்தில் அட்டை கடிப்பதும், கல் குத்துவதும், செருப்பு உரசுவதும் அன்றாடம். உணர்வுள்ள கால் உடனே சொல்லிவிடும். உணர்விழந்த கால் சொல்லாது. இரண்டு நாள் கழித்துச் சீழ் நாற்றத்தால் தெரிய வரும், அதற்குள் விரலே போகக்கூடிய நிலை. ஆகவே சீனி உள்ளவர் வெறுங்காலோடு தண்ணீர்ப் பீலிக்குக்கூடப் போகக் கூடாது. இரவில் படுக்கும் முன் டோர்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கலாம். இதற்கு மருந்தும் வேண்டாம், காசும் வேண்டாம். காலை வெட்டி எடுக்க வைக்கும் புண்களில் பல இந்த ஐந்து நிமிடத்தில் தடுக்கக்கூடியவை.

றப்பர்ப் பால்வெட்டுக்கு இருட்டோடு போக வேண்டும், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, கணையத்தைத் தூண்டிவிடும் கிளிக்ளசைட் போன்ற சீனிக் குளிசையையும் போட்டுக்கொண்டு மலை ஏறினால், ஒன்பது மணிக்குச் சீனி தாழ்ந்து வியர்த்துக் கைகால் உதறும். அந்த அனுபவத்துக்குப் பயந்தே பலர் மருந்தை விடுகிறார்கள். அவர்கள் வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் டொக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் குளிசையையோ நேரத்தையோ மாற்றிக் கொடுப்பார். "எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்கம்மா?" என்று டொக்டரே கேட்டால் இன்னும் நல்லது. சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சு தமிழர் வாழும் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சீனியும் பிரஷரும். கிட்னி ஏற்கெனவே மிகவும் கெட்டுவிட்டால் மெட்ஃபோர்மினைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள். அதைப் பார்த்தவர்கள் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கிவிட்டார்கள்.

உண்மையில் கிட்னிக்குப் பகை வேறொரு குளிசை. நாற்பது வருடம் சரிவில் ஏறி இறங்கிய முழங்கால் தேய்ந்துதான் போகும். அந்த வலிக்கு டைக்ளோபெனக், இபுப்ரோபென் என்று கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இவை பிரஷரை ஏற்றும், பிரஷர் குளிசைகளின் வேலையைக் கெடுக்கும், குறைந்த நெஃப்ரோன்களோடு பிறந்த சிறுநீரகத்துக்குப் போகும் குருதியையும் சுருக்கும். அவற்றுக்குப் பதிலாகப் பரசிட்டமோல், வெந்நீர் ஒத்தடம், உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, இவற்றோடு ஒரு கைத்தடி. கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். வலிக்காத முழங்காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

மெலிந்தவருக்கு "எடையைக் குறை" என்ற புத்திமதி எதற்குமே உதவாது. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வு நமக்குப் பொருத்தமானது. உணவும் நடையும் திருத்திய பகுதியில் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது, இத்தனைக்கும் எடையில் பெரிய மாற்றம் இல்லை. மூன்று ரொட்டியை இரண்டாக்கி, பருப்பையும் கீரையையும் கூட்டி, பேர் வெட்டிய பிறகும் நடையை விடாமல் இருந்தால் போதும் என்று இதைப் படிக்கலாம்.

வெற்றிலையைப் பற்றிச் சுருக்கமாக. பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. சபரகமுவை மாகாணத்திலேயே 30 வயது கடந்த 1,029 பேரின் வாயைப் பரிசோதித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் ஏறத்தாழ 11 சதவீதத்தினரிடம் இருந்தன. முக்கிய காரணம் வெற்றிலை. வாய்க்குள் வலிக்காத வெள்ளைப் படையோ சிவந்த படையோ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, முன்போல வாயைத் திறக்க முடியாமையோ இருந்தால் பல் டொக்டரிடம் காட்ட வேண்டும். இதுவும் வலிக்காத நோய்களின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இத்தனையும் தெரிந்தாலும் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். தெரணியகலைக்கு மேலே நூரி, மாலிபொடப் பக்கத்து லயங்களிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, வரிசையில் நின்று, மருந்து எடுத்துத் திரும்ப அந்தியாகிவிடும். மாதத்துக்கு ஒரு நாட்கூலியை, வலிக்காத ஒரு நோய்க்காக, சாகும்வரை இழக்கச் சொல்கிறோம். கொப்பியில் எழுதியிருப்பதும் பெரும்பாலும் அவர்கள் வாசிக்கும் மொழியில் இல்லை. மருந்தை விடுகிறவர்களை அறியாதவர்கள் என்று ஏசுவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

நோயாளி வராவிட்டால் கிளினிக் போகலாம். பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை மூன்றிலும் 30 கிராமச் சமூகங்களில் பிரஷர் உள்ள 2,645 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020 இல் வெளிவந்தது. சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அமுக்கத்தை அளந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, அளவு மீறியவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில், வழக்கமான சேவை மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களின் மேல் எண் 5.2 அளவு கூடுதலாக இறங்கியிருந்தது. இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் குடும்ப சுகாதார மருத்துவிச்சிகள். தோட்டத்து லயங்களுக்கும் அவர்கள் ஏற்கெனவே போகிறார்கள், கர்ப்பிணியைப் பார்க்கவும் பிள்ளையை நிறுக்கவும். கைப்பையில் ஒரு பிரஷர் கருவியும், ஏற்கெனவே சுமக்கும் வேலையில் கொஞ்சத்தைக் குறைத்து அதற்கு ஒதுக்கிய நேரமும் இருந்தால், அதே காம்பராவில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கையிலும் பட்டியைச் சுற்றலாம். அந்தப் பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்திருந்தால், அதன் சுகாதாரப் பதிவேட்டில் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, முப்பத்தைந்து வயதில் கிளினிக்குக்கு அதையும் கொண்டுபோகச் சொல்லலாம்.